குக்கு அவுட்டு

பசிபிக் கடலில் இருக்கும் தீவு நாடுகள் தங்களுக்குள் கால்பந்துப் போட்டி நடத்திக்கொள்கின்றன என்பது விருத்தாசலத்தில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, எனக்குத் தெரியும். சாலமன், தஹிதி, சமோவா, டோங்கா என்று வரிசையாகச் சொல்வேன். பந்தாட்டத்தில் ஆசை வைத்துத் தெரிந்துகொண்டதல்ல. என் மகன் பிஜியில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறான். அந்தப் போட்டி அங்கே நடந்தபோது வெளித் தீவுகளிலிருந்து வந்த ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் அவன் ஓட்டலில்தான் தங்கினார்கள்.

எனக்கும் அவனுக்கும் பேச்சு குறைவு. மனத்தாங்கல் எதுவும் கிடையாது. எனக்கு யாரோடும் பேச்சு குறைவுதான். போனில் "எப்பா, சாப்ட்டியா" என்பான். "ம், நீ?" என்பேன். "ஆச்சு" என்பான். அதற்குப் பிறகு ஒருவர் மூச்சு விடுவதை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்போம், அவன் அம்மா வந்து போனைப் பிடுங்குகிற வரைக்கும்.

போட்டி தொடங்கியதும் எனக்கென்று தனியாகக் குரல் செய்தி அனுப்ப ஆரம்பித்தான்.

"எப்பா, ஒவ்வொருத்தனும் அய்யனாரு செல மாதிரி இருக்கான்ப்பா. சோத்த அண்டா அண்டாவா வடிக்க வேண்டியிருக்குது."

இன்னொரு நாள், "சேப்பங்கெழங்குன்னா இங்க உசுரு. நம்ம வூட்டு வறுவல் மாதிரி மொளகாப்பொடி தூக்கலாப் போட்டுக் குடுத்தேன், தட்டத் தூக்கிக்கிட்டு சமையக்கட்டுக்கே வந்துட்டானுங்க. குக்கு பசங்கதான் எங்கிட்ட ரொம்ப ஒட்டிக்கிட்டானுங்க."

கூட வேலை செய்கிற சமையல்காரப் பையன்களோடு நன்றாகப் பழகுகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

எங்கள் வீட்டில் குக்கு என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. முதல் தடவை அவன் போனது அரபு நாட்டுக்கு. எடுபிடி வேலைக்கு எடுத்தார்கள். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று சீக்கிரமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவன் தெருவில் இறங்கவில்லை. இறங்கினால் எதிர்ப்படுகிறவர்கள் "எப்ப வந்த?" என்பார்கள், அந்த மூச்சிலேயே "எப்பப் போற?" என்பார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. நானும் மற்றவர் பிள்ளைகளிடம் அப்படிக் கேட்டவன்தான். ஆனால் அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாதவன் வெளியே எப்படிப் போவான்? சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தாடி வளர்ந்தது. அவன் அம்மா தட்டை வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள். அப்படியே ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயின. அதற்குப் பிறகுதான் இந்த பிஜி வேலை அமைந்தது. விசாவில் குக்கு என்றே போட்டிருந்தார்கள். அவன் அம்மா கடைத்தெருவில் தெரிந்தவர்களிடமெல்லாம் "எம் புள்ள இப்ப குக்கு" என்று சொன்னாள்.

அடுத்த செய்தி வந்த காலையில் நான் பட்டறையில் இருந்தேன். அச்சிலிருந்து எடுத்த பீங்கான் சாமி பொம்மைகளின் ஓரத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, காயவைக்கிற பலகையில் அடுக்குவது என் வேலை. வாய் தேவைப்படாத வேலை. டீ நேரத்தில் பலகைக்குப் பின்னால் போய் நின்று போனைக் காதில் வைத்தேன்.

"எப்பா, குக்கு அவுட்டுப்பா. நாளைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள ரூம்ப காலி பண்ணிட்டு ஊருக்குக் கெளம்பணும். மனசே சரியில்ல. எவ்ளோ ஒழச்சி என்னா, ஒரே நாள்ல முடிஞ்சிபோச்சி. சரி, கூப்புடுறாங்க, அப்பறம் பேசுறேன்."

யார் கிளம்ப வேண்டும் என்று அதில் இல்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. எடுத்தால் என்ன சொல்வது? அன்றைக்குத் துடைத்த பொம்மைகளில் பாதிக்குக் கை போய்விட்டது. பச்சை மண், கொஞ்சம் அழுத்தினாலும் கையோடு வந்துவிடும்.

எனக்குப் பக்கத்தில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிற பெண் எட்டிப் பார்த்தாள். அவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை.

"என்னாண்ணே, இன்னிக்கி எல்லா சாமியும் கையில்லாமலே வருது? வரம் குடுக்கறதுக்கு வேற ஆளு பாக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் மனைவி கலகலப்பாக இருந்தாள். "புள்ள பேசினான். பேசினவரைக்கும் ஒரே சிரிப்பு" என்றாள்.  அம்மாவிடம் மறைக்கிறான், என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். என்னை நம்பிச் சொன்னதை நான் எப்படி உடைப்பேன்?

அவன் அறையில் எண்ணெய் ஆட்ட வைத்திருந்த மல்லாட்டை மூட்டையும் வெங்காயமும் கிடந்தன. அவற்றை எடுத்துக் கூடத்து ஓரத்தில் போட்டேன். அறையைப் பெருக்கினேன். ஓடாமல் கிடந்த ஃபேனைக் கழற்றி, கடையில் கொடுத்துச் சரிசெய்து மாட்டினேன். கட்டிலைச் சுவர்ப் பக்கத்திலிருந்து இழுத்து ஜன்னல் பக்கம் போட்டேன். படுத்தாலும் சுவரைப் பார்க்காமல் படுக்கட்டும்.

"எதுக்குங்க இந்த வேல?" என்றாள்.

"பூச்சி பொட்டு வருமேன்னு."

"இத்தினி வருசமா வராத பூச்சியா?"

அடுத்ததாக நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அவன் வந்து இறங்குகிற அன்றைக்கே கையில் ஒரு வேலை இருந்தால் "எப்பப் போற?" என்பவர்களிடம் "இங்கியே வேலைக்குச் சேந்துட்டேன்" என்று சொல்லிவிடலாம் அல்லவா? முதலாளியிடம் கேட்பதென்று முடிவு செய்தேன். இந்தப் பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து நானாக அவரிடம் போய் ஒன்று கேட்டதில்லை. சம்பளம் ஏற்றினால் வாங்கிக்கொள்வேன், ஏற்றாவிட்டாலும் வாங்கிக்கொள்வேன். என்ன பேசுவது என்று மணிமுத்தாற்றுப் பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவர் அறை வாசலில் போய் நின்றதும் பாதி மறந்துபோயிற்று.

"என்னய்யா?"

"எம் புள்ளைக்கு... சூளையில எதாவது... வந்துட்டா..."

"பிஜியில இருக்கான்னு சொன்னாங்க?"

"வந்துடுவாங்க."

 "நீ வாயத் தொறந்து கேக்குற. வரச் சொல்லு, பாத்துக்கலாம்" என்றார். வெளியே வந்தேன். வாசலிலேயே வர்ணம் தீட்டுகிற பெண் நின்றுகொண்டிருந்தாள்.

அவளிடம் போனது ஊரிடம் போன மாதிரி. மறுநாள் நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது என் மனைவி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கூடத்தின் நடுவில் நின்றாள். மார்க்கெட்டில் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறாள்.

"எம் புள்ளைக்கு வேல அவுட்டாம், திரும்பி வரானாம். ஊருக்கே தெரியுது, பெத்தவளுக்குத் தெரியல. என்னா நடக்குது இங்க?"

 போனை எடுத்து அந்தச் செய்தியைப் போட்டுக் காட்டினேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செய்தி முடிந்தது.  அழுகிறாள் என்று நிமிர்ந்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். சிரிப்பு.

"ஏங்க, குக்குன்னா இவன் இல்லீங்க! அது ஒரு நாடுங்க!"

"எது?"

"குக்கு தீவு! எங்கிட்ட அவன் சொல்லியிருக்கான். சமோவா மாதிரி, டோங்கா மாதிரி. பந்தாட வந்த புள்ளைங்க. சேப்பங்கெழங்கு வறுவலு தின்னானுங்களே, அவனுங்கதான். தோத்துட்டானுங்க, ஊருக்குப் போறானுங்க. அதுக்குத்தான் உங்க மவனுக்கு மனசு சரியில்லயாம்."

சமையல்காரர்கள் பேரில் ஒரு நாடு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? நான் ஐந்தாவது வரைக்கும் படித்த பூகோளத்தில் அப்படி ஒன்று இல்லை. நான் அப்படியே மல்லாட்டை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.  பசித்தது. பசி என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சோறு கேட்டேன். சிரித்துக்கொண்டே போட்டாள். இரண்டாம் முறையும் கேட்டேன்.

மறுநாள் காலையில் மகனே முகம் தெரிகிற மாதிரி கூப்பிட்டான். போனைத் திறந்ததும் அவன் அம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஃபேன், கட்டில், கையில்லாத சாமிகள் வரைக்கும். அவன் சமையல்கட்டில் நின்றபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு பச்சைச் சட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டினான். போகும்போது அந்தப் பையன்கள் கழற்றிக் கொடுத்ததாம். மார்பில் பெரிய எழுத்தில் குக்கு என்று போட்டிருக்கிறதாம்.

"எனக்குன்னே அடிச்ச மாதிரி இருக்குதுப்பா. இதப் போட்டுக்கிட்டு நின்னா யூனிஃபாரம் எதுக்குன்னு மேனேஜரே கேக்குறாரு."

நானும் சிரித்தேன். அவன் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"எப்பா, ஓனருகிட்ட நீயா போயி கேட்ட?"

"ம்."

"நீ?"

"ம்."

வழக்கம்போல ஒருவர் மூச்சு விடுவதை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். இந்தத் தடவை அவன் அம்மா போனைப் பிடுங்கவில்லை.

ஒரு தொல்லைதான் பாக்கி இருந்தது. முதலாளியிடம் வேலை கேட்டாயிற்று. இனி வேண்டாம் என்று சொல்லவும் நான்தான் போக வேண்டும். மறுபடி பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். பிஜி, போட்டி, குக்கு தீவு, விசா என்று எங்கே தொடங்கினாலும் நீளமாகப் போயிற்று. பாலம் முடிந்துவிட்டது, பேச்சு முடியவில்லை.

வாசலில் என்னைப் பார்த்ததும் அவரே கேட்டார்.

"என்னய்யா, புள்ள எப்ப வரான்?"

"வரலீங்க."

"வரலியா? வேல அவுட்டுன்னு சொன்னாங்க?"

"அவுட்டானது வேற ஆளுங்கங்க" என்றேன். அதற்குமேல் சொல்ல எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. உள்ளே போய் ஸ்பாஞ்சை நனைத்து எடுத்தேன்.