ஓட்டுச் சில்லு நட்ட இடம்

செங்கம் ரோட்டு லாட்ஜ் வாசலில், குப்பையோடு குப்பையாக இன்று ஒரு தரை ஆர்கிட் தொட்டி கிடந்தது. மண்ணைக் கிளறினேன்; கிழங்கு கெட்டியாகவே இருந்தது. “செத்துப்போச்சுங்க” என்றார் மேனேஜர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாட்ஜ் வருமுன் அந்த இடம் ஒரு வீட்டுத் தோட்டம். அம்மா அங்கே தோட்டவேலை பார்த்தாள். அங்கேயும் இதே தரை ஆர்கிட்தான்; ஊதாப் பூக்கள் ஓய்ந்து, பனங்கன்று மாதிரி மடிப்பு மடிப்பான இலைகளும் பங்குனி வெயிலில் காய்ந்து மறைந்ததும், கிழங்கை யாரும் மிதித்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் உடைந்த ஓட்டுச் சில்லொன்றை நட்டுவைப்பாள். வெறும் மண்ணில் வரிசையாக நிற்கும் அந்தச் சிவப்புச் சில்லுகளைச் சுற்றிச் சுற்றி வந்தபடி கிழங்குகள் மறுபடி துளிர்க்கும் ஆடி மழைக்கு நான் காத்திருப்பேன்.

ஒரு சித்திரையில் வீட்டுக்காரர், கார் நிறுத்த சிமெண்ட் போட ஆள் கூட்டிவந்தார்.

“தூங்குதுங்க. ஒரு நாள் குடுங்க, தோண்டி எடுத்துக்கறேன்” என்று அம்மா கெஞ்சினாள்.

“செடியே இல்ல, எதை எடுப்ப? வெறும் ஓடுதான் கெடக்குது” என்றவர், அந்தச் சில்லுகள் மேலேயே ஜல்லியைக் கொட்டச் சொன்னார்.

இன்று கிழங்கை நகத்தால் கீறி மேனேஜரிடம் காட்டினேன். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தது.

“இருக்கட்டுங்க, ஓனர் புதுசு வாங்கச் சொல்லிட்டாரு” என்றார்.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அன்று சில்லுகள் மேல் போட்ட அந்தச் சிமெண்டை மிதிக்காமல் வெளியே போக வழியில்லை.