கடைக்காரருக்கு முன்னால் ஓர் அறை

கனடாவின் ஸ்காபரோவில் மார்ச் மாதத்துப் பனி கறுத்து உருகிக்கொண்டிருக்கிறது. சிறுவர் நீதிமன்றத்துக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்கிறேன். பக்கத்தில் நிற்கும் யாழ்ப்பாணத்துக்காரர் எதிர்க் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உள்ளே அவருடைய மகன்.

"கடையில, பாட்டுக் கேக்கிற வோக்மன் ஒண்டு களவெடுத்திட்டான், அண்ணை. நான் இழுத்துக்கொண்டுபோய், கடைக்காரனுக்கு முன்னாலயே அறைஞ்சன். எங்கட ஊரில அதோட வழக்கு முடிஞ்சிடும். இஞ்சை கடைக்காரன் பொலிசைக் கூப்பிட்டிட்டான். இப்ப எனக்கும் கேஸ். பிள்ளைக்குக் கிட்டவும் போகக்கூடாதாம். பிள்ளையை உள்ளுக்கை போட்டிடுவாங்களோ எண்டுதான் பயம்."

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பழைய ரோமில் இரவில் பயிரைத் திருடி அறுத்த பெரியவனுக்கு மரணம். பையன் என்றால் அடி, அல்லது இழப்புக்கு இரட்டிப்பாய் ஈடு. அவனை உயிரோடு வீட்டுக்கு அனுப்ப அவர்களுக்குத் தெரிந்த வழி அந்த அடிதான்.

"அப்ப நான் ரோமாபுரிக்கெல்லோ விசா கேட்டிருக்கவேணும்!" சிரிக்கிறார். சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

கதவு திறக்கிறது. தாயின் கையைப் பிடித்தபடி பையன் வெறுந்தலையோடு வெளியே வருகிறான்.

"விட்டிட்டாங்கள்," என்கிறார், மூச்சே பேசுவது போல. தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி என் கையில் திணிக்கிறார். "குடுத்துவிடுங்கோ. நான் தந்தனெண்டு சொல்லாதேங்கோ."

தெருவைக் கடந்து கொடுக்கிறேன். பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.

"அப்ப, அவருக்குக் குளிராதோ?"