இடது கால் கார்டு, வலது கால் கார்டு

போன வாரம் கூரியரில் புது ஷூ வந்தது. டப்பாவைத் திறந்ததும் தோலும் அதை ஒட்டும் சொல்யூஷனும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏற, எனக்கு உடனே கிராபிக்ஸ் கார்டு ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். ஆம்பூர்க்காரனுக்கு ஷூ வாசனை எதை வேண்டுமானாலும் ஞாபகப்படுத்தும். பிரியாணியை ஞாபகப்படுத்தினால்கூட எங்கள் ஊரில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

என் விஷயத்தில் காரணம் இம்தியாஸ். பள்ளியில் என் பெஞ்சுக்காரன். இரண்டாயிரத்துகளின் நடுவில், நான் காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்ற பெயரில் வீட்டில் கேம் ஆடிக்கொண்டிருந்தேன். அவன் ஷூ கம்பெனியில் ஜோடி சேர்க்கும் செக்‌ஷனில் இருந்தான். இடது ஷூவையும் வலது ஷூவையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற வேலை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கினால் நேராக எங்கள் வீடுதான். பெல் அடிப்பதற்கு முன்பே சொல்யூஷன் வாசனை வந்துவிடும். "உன் தோஸ்த் வந்துட்டான்டா, கதவத் தொற" என்பார் அம்மா, அடுப்பில் பாலை வைத்துக்கொண்டே.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் அந்த அதிசயத்தைப் படித்தேன். திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டை ஒரே மாதிரி இரண்டாக ஒரே கம்ப்யூட்டரில் போட்டு, மேலே விரல் நீளத்துக்கு ஒரு குட்டிப் பாலம் மாட்டிவிட்டால், ஒரு படத்தை இது வரையுமாம், அடுத்த படத்தை அது வரையுமாம். கேம் பறக்குமாம். மூச்சுவிடாமல் இம்தியாஸிடம் சொன்னேன்.

"அப்ப இது எடது காலு, அது வலது காலு," என்றான். "நடக்கும் மச்சான். வாங்கிடலாம்."

ஆளுக்கொரு கார்டு, இரண்டும் என் கம்ப்யூட்டரில் என்று பேசிக்கொண்டோம். கேம் நிஜமாகவே பறந்தால் அவன் கார்டு என்னிடமே இருக்கும். இல்லையென்றால் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவான். அங்கே அவன் தம்பிகள் அதற்காகத் தவம் கிடந்தார்கள். கார்டு போனால் இம்தியாஸும் அதன் பின்னாலேயே போய்விடுவான். வேலையில்லாத என் சாயங்காலங்கள் மொத்தமும் அந்த ஒரு கார்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். இரண்டு கார்டையும் கையில் வாங்கிய இம்தியாஸ், கடையை விட்டு வெளியே வந்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணே, ஷேட் ஒத்துவரல. இது கொஞ்சம் டார்க்கு. வேற பீஸ் காட்டுங்க."

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, இது பொட்டிக்குள்ள போயி உக்காரப் போவுது. யாரு பாக்கப்போறா?"

"நான் பாப்பேன்ணே."

டப்பா டப்பாவாகப் பிரித்து, பச்சையும் பச்சையும் அச்சாகப் பொருந்துகிற ஜோடியைக் கண்டுபிடித்தபிறகுதான் ரயில் ஏறினான். இரண்டு கார்டுக்கும் என் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை கரண்ட் கொடுக்குமா என்று பட்டதாரியான நானும் கேட்கவில்லை. வீட்டில் இரண்டையும் மாட்டிக் கேம் ஆரம்பித்ததும் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது. ஜோடிப் பொருத்தம் பார்த்த நாங்கள், சோறு போட வக்கிருக்கிறதா என்று பார்க்கவில்லை!

பெரிய சப்ளை வாங்கி மாட்டினோம். இம்தியாஸ் பார்க்கவேண்டுமே என்பதற்காகப் பெட்டியின் பக்கவாட்டுத் தகடு கடைசிவரை மூடப்படவேயில்லை. அறை கொதித்தது. "வெளிய அடிக்கிற வெயில் பத்தலன்னு உள்ள வேற அடுப்பு வெச்சிருக்கீங்களாடா?" என்று அம்மா திட்டினார். ஆனால் அவர் நர்ஸ். மழை நாட்களில் அவருடைய வெள்ளை சாக்ஸ் காய்வது பெரும்பாடு. முதல் மழை பெய்த அன்றைக்கே பெட்டியின் பின்பக்கம் இரண்டு சாக்ஸ் தொங்கின. இரண்டு கார்டு போடுவதில் என்ன பயன் என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்பட்ட பயன் என்று அதைத்தான் சொல்வேன்.

கேமா? திரையின் மூலையில் வேகத்தைக் காட்டி ஓடும் எண் ஏறியது உண்மை. நான் குதித்தேன். இம்தியாஸ் கண்ணை இடுக்கினான்.

"நொண்டுது மச்சான்."

"இன்னாடா நொண்டுது? நம்பரப் பாரு!"

"நம்பர வுடு. நடையப் பாரு."

பார்த்தேன். ஒரு படம் சட்டென்று, அடுத்தது அரை மூச்சு தள்ளி. ஒரு ஹீல் உயரமான ஷூ போட்டவன் ஓடுவதுபோல. சரி, நாங்கள் தினமும் ஆடுகிற பழைய கார் ரேஸைப் போடலாம் என்றேன். அது வழுவழுவென்று ஓடியது. அவன் சந்தேகத்தோடு பெட்டிக்குள் விரலை விட்டு இரண்டு கார்டையும் தொட்டுப் பார்த்தான்.

"உன்னுது கொதிக்குது. என்னுது சும்மா கீது."

அந்தக் கேமுக்கு இரண்டாவது கார்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது.

"கல்யாண மாப்ள பக்கத்துல கோட்டு போட்டுக்கினு உக்காருவானே, அந்தத் தோழன் மாதிரி மச்சான் என் கார்டு. போட்டோல வரும். வேலை ஒண்ணும் கெடையாது."

நான் சிரிக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். பாலத்தை உருவி, கார்டைக் கழற்றித் துணியில் சுற்றினான். வாசல்வரை போனவன் திரும்பித் திறந்த பெட்டியைப் பார்த்தான். உள்ளே என் கார்டு ஒற்றையாக நின்றது.

"சே, ஒத்த ஷூ மாதிரி கீதுடா. பாக்கவே பேஜாரா கீது."

திரும்ப வந்து மாட்டினான். "என் தம்பிங்களுக்கு வேற பாத்துக்கலாம். ஆன்ட்டி, டீ!"

இப்போது வரும் புது கார்டுகளில் அந்தப் பாலத்தை மாட்டுவதற்கு இடமே இல்லை. ஒரே கார்டு, பெட்டியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அம்மா ரிடையர் ஆகிவிட்டார். காயவைக்க வெள்ளை சாக்ஸும் இல்லை. இம்தியாஸ் எத்தியோப்பியாவில் ஒரு ஷூ கம்பெனியில் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமைகளில் நெட்டில் அதே மாதிரி கார் ரேஸ் ஆடுகிறோம். அவன் அங்கே, நான் இங்கே, ஆளுக்கொரு கார்டு. என் கார் வளைவில் திரும்பினால் அவன் திரையில் அரை மூச்சு கழித்துத்தான் திரும்புகிறது.

ஹெட்போனில் அவன் குரல் வரும்:

"நொண்டுது மச்சான்."