பிரேக் லைட் வருதா?

போன வாரம் வாஷிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. மகள் கார் ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு டிரெய்லர். அதன் டிரைவர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பின்னால் சிவப்பு விளக்கு மங்கலாகத்தான் எரிந்தது. கூடவே, கூப்பிடாமலே மஞ்சள் இண்டிகேட்டரும் லேசாகக் கண் திறந்தது. “எர்த் போயிருக்கு” என்றேன். மகள் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த வியாதியோடு குடும்பம் நடத்தியவன் நான். செம்பூரிலிருந்து மாகுல் போகிற ரோட்டில் மச்சினன் செல்லப்பாவும் நானும் லாரி வயரிங் கடை வைத்திருந்தோம். கடை என்றால் ஒரு தார்ப்பாய், ஒரு பெஞ்சு, எங்கள் இரண்டு பேரின் வாய். டிரெய்லர் விளக்கு வேலைக்கு ஆள் இரண்டு வேண்டும். நான் கேபினில் ஏறி பிரேக்கை மிதித்து “வருதா?” என்று கத்துவேன். அவன் வண்டியின் வாலில் நின்று “வருது அத்தான்” என்பான். நாள் முழுக்க இதே பாட்டுதான். தூக்கத்தில்கூட வருதா வருதா என்று கேட்கிறேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

ஆயுதபூஜை நெருங்கினால் எங்கள் ரோடு முழுக்க எனாமல் பெயிண்டும் தின்னரும் மணக்கும். லாரிகளுக்கெல்லாம் தீபாவளி அப்போதுதான். இன்றைக்கும் எங்காவது கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற வாசனை வந்தால் எனக்குப் பேச்சிமுத்து ஞாபகம் வந்துவிடும்.

பேச்சிமுத்து தாராவிக்கார அண்ணாச்சி ஒருவரிடம் டிரெய்லர் ஓட்டினான். ஊரிலிருந்து பெண்டாட்டி பிள்ளையை அழைத்துவந்து லேபர் கேம்ப்பில் அப்போதுதான் ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை, பிடித்திருந்தான். பூஜை முடிந்த கையோடு, மேம்பாலத்து ஏற்றத்தில் ஒரு டெம்போ அவன் வண்டியின் பின்னால் நசுங்கியது. டெம்போக்காரன், சிவப்பு விளக்கே எரியவில்லை, டிரெய்லர்தான் பின்னால் உருண்டு வந்து மோதியது என்று சத்தியம் செய்தான். அண்ணாச்சி யார்டில் வண்டியை நிறுத்திப் பார்த்தார். விளக்கு ஜம்மென்று எரிந்தது. ஆக, பேச்சிமுத்து பிரேக்கில் காலே வைக்கவில்லை, தூங்கிவிட்டான் என்று முடிவுகட்டினார். எங்களிடம் ஒரு தடவை காட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்கு ரயிலேறு என்று சொல்லியிருந்தார்.

“கால் பிரேக்குலதாம்ணே இருந்துச்சு” என்றான் பேச்சிமுத்து.

நான் பெரிய டாக்டர் மாதிரி முதலில் பல்பை மாற்றினேன். பிறகு பிரேக் சுவிட்சை. பிறகு பிளக்கிலிருந்து வால் வரைக்கும் புது வயரே இழுத்தேன். மாற்றுவதற்கு முன்னாலும் எரிந்தது, மாற்றிய பிறகும் எரிந்தது. “நல்லா இருக்கவனுக்கே ஊசி போடுதீய அத்தான்” என்றான் செல்லப்பா. வண்டி நிற்கும்போது நோவு தெரியாது, ஓடவிட்டுப் பார்க்கலாம் என்றும் அவன்தான் சொன்னான்.

பேச்சிமுத்து முன்னால் டிரெய்லரை ஓட்ட, என் ஸ்கூட்டரில் அண்ணாச்சியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நான் துரத்தினேன். அவர் கனத்துக்கு முன் சக்கரம் தரையில் நின்றதே பெரிய விஷயம். ஏற்றத்தில் டிரெய்லர் வேகம் குறைந்து நின்றது. அதாவது, பேச்சிமுத்து பிரேக்கை மிதிக்கிறான். சிவப்பு வரவேயில்லை. மஞ்சள் மட்டும் மினுக்கென்றது. அண்ணாச்சியின் கை என் தோளை இறுக்கியதை நான் உணர்ந்தேன்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. விளக்கின் கரண்ட் திரும்பிப் போக டிரெய்லரின் சட்டத்தில் ஒரு போல்ட்டில் எர்த் வயரை முடுக்கியிருப்பார்கள். பூஜைக்காக அந்த வயரைக் கழற்றி, போல்ட் இருக்கிற இடத்துக்கும் நீலப் பெயிண்டை அப்பி, அதன்மேலேயே திரும்ப முடுக்கியிருந்தார்கள். கரண்ட் எங்கே போகும்? சும்மா நிற்கும்போது, டிரெய்லரைக் குதிரையோடு, அதாவது முன்னால் இழுக்கிற எஞ்சின் வண்டியோடு, கோக்கிற இரும்பு வழியாக எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். ஏற்றத்தில் இழுபடும்போது அதுவும் விட்டுப்போகும். அப்போது கரண்ட் இண்டிகேட்டர் பல்பு வழியாகத் திருட்டுத்தனமாகப் போகப் பார்க்கும், அதுதான் அந்த மஞ்சள். ஓர் இடத்தில்கூடத் துரு தெரியக்கூடாது என்று பெயிண்டர் பக்கத்திலேயே நின்று அடிக்கவைத்தவர் அண்ணாச்சிதான்.

பிளேடால் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் முடுக்கினேன். அதே ஏற்றத்தில் மறுபடி ஓட்டம். இந்தத் தடவை வழக்கத்தை மாற்றினோம். வண்டியை ஏற்றத்திலேயே நிறுத்தி அண்ணாச்சியை வாலில் நிற்கவைத்தோம். கேபினிலிருந்து பேச்சிமுத்து தலையை நீட்டினான்.

“அண்ணாச்சி, வருதா?”

சிவப்பு வெளிச்சம் அவர் வெள்ளைச் சட்டை முழுக்க விழுந்திருந்தது. அவன் திரும்பவும் கேட்டான்.

“வருதுடே” என்றார். பிறகு கேபின் பக்கம் நடந்துவந்து, “சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்” என்றார். பேச்சிமுத்து ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டதை நான் பார்க்காதது மாதிரி இருந்தேன்.

அதன் பிறகு எங்கள் கடையைத் தாண்டும்போதெல்லாம் பேச்சிமுத்து பிரேக்கை இரண்டு தடவை தட்டிவிட்டுப் போவான். வேலையை விட்டுவிட்டு நாங்கள் கையைத் தூக்கி “வருது” என்று கத்துவோம். அவனுக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் கத்துவோம்.

கடை இருந்த இடத்தில் இப்போது புது மேம்பாலத்துத் தூண் நிற்கிறது. பேச்சிமுத்து ஊருக்குப் போய்விட்டான். செல்லப்பா செத்துப்போனான். இந்தக் காலத்துப் பையன்கள் போனைப் பின்னால் நிறுத்தி, கேபினில் தனியாக உட்கார்ந்து இன்னொரு போனில் வீடியோ கால் போட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். நல்ல வசதிதான், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பாலத்தில் அந்த டிரெய்லர் இரண்டு தடவை பிரேக் அடித்தது. நெரிசலுக்காகத்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் கை தானாகத் தூக்கிக்கொண்டது. ஏற்றிவிட்டிருந்த ஜன்னல் கண்ணாடியில் விரல் இடித்தது.