மையத்து வீட்டுக்குப் பறந்த கார்

எங்கள் வாப்பா வாழ்நாளில் எந்தக் கலியாண வீட்டுக்கும் நேரத்துக்குப் போனதில்லை. விருந்து முடியும் தறுவாயில் போய் இறங்கி, கூடிச் சாப்பிடுகிற கடைசி சஹன் தட்டில் ஆள் குறைகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, ஆறிப்போன புரியாணியைச் சந்தோசமாகச் சாப்பிட்டுவிட்டு வருவார். ஆனால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒரு தடவை கரகரத்து, யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று மோதினார் அறிவிக்கத் தொடங்கினால் போதும். ஊரும் பேரும் சொல்லி முடிப்பதற்குள் வாப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு கார்ச் சாவியோடு வாசலில் நிற்பார்.

"கலியாண வீட்டுக்கு ஊர்ந்து போற மனுசன், மையத்து வீட்டுக்கு மட்டும் பறக்கிறார்" என்பார் உம்மா.

எங்களில் மையத்தை வைத்துக்கொண்டிருப்பதில்லை. காலையில் மௌத்து என்றால் மதியம் லுஹர் தொழுகையோடோ பின்னேரம் அஸரோடோ அடக்கம் முடிந்துவிடும். கட்டுகஸ்தோட்டையில் இருந்துகொண்டு கம்பளையிலோ மாத்தளையிலோ நடக்கும் ஜனாஸாவைப் பிடிப்பது ரயில் பிடிப்பதைவிடக் கஷ்டம். பஸ்ஸை நம்பினால் அடக்கம் முடிந்து கூட்டம் கலைகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேரலாம். அதனால்தான் எங்கள் பள்ளிவாசலின் முதல் வரிசையில் தொழுகிறவர்களுக்கெல்லாம் வாப்பாவின் கார் பொதுச் சொத்தாக இருந்தது. அது இளநீல நிறத்தில் ஒரு பழைய ஜப்பான் கார். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில், கண்டி டவுனில் வாப்பாவின் இரும்புச் சாமான் கடை நன்றாக ஓடிய நாளில் வாங்கியது. துணிக்கடை வைத்திருந்தவர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், மோதினார், அன்றைக்கு யார் முந்துகிறாரோ அவர் என்று நாலு பேர் எப்போதும் நிறைந்துவிடுவார்கள். கண்ணாடிக்குக் கீழே நாலைந்து வெள்ளைத் தொப்பிகள் கிடக்கும். அத்தரும் பெற்றோலும் கலந்த ஒரு வாசனை அந்தக் காருக்கு. இத்தனை வருடத்துக்குப் பிறகும் யாராவது அந்த அத்தரைப் பூசிக்கொண்டு என்னைக் கடந்து போனால் எனக்கு எட்டு வயதாகிவிடுகிறது.

சொந்தக்காரர் வீட்டு மௌத்து என்றால் உம்மாவும் நானும் போவோம். எங்களை மையத்து வீட்டில் இறக்கிவிட்டு ஆண்கள் பள்ளிவாசலுக்கும் அடக்கம் செய்கிற மையவாடிக்கும் போவார்கள். திரும்பி வரும்போது பேராதனையில் நிறுத்தி எனக்கு அவித்த சோளம் வாங்கித் தருவது வாப்பாவின் வழக்கம். அழுது முடித்த முகங்களையும் உப்புத் தண்ணீர் வடிகிற சூடான சோளத்தையும் என்னால் இன்றுவரை பிரித்து நினைக்க முடியாது. எனக்கு அது துக்கமான நினைவே இல்லை. வாப்பா இல்லாத இந்த நாட்களில் அந்தப் பின் சீற்றுக்காக நான் ஏங்குகிறேன் என்று வெட்கமில்லாமல் சொல்வேன்.

பிரச்சினை வந்தது சில வருடங்களுக்கு முன்பு. வாப்பாவுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. வேகமாக ஓடினால் தண்டப்பத்திரத்தோடு லைசனில் குற்றப் புள்ளியும் விழும் என்று ஆகிவிட்டிருந்தது. ஒரே வருடத்தில் வாப்பா மூன்று தடவை பிடிபட்டார். முதலாவது கம்பளைப் பாதையில், கெலிஓயாவுக்குக் கிட்ட. முன்னால் பொலிஸ் நின்றால் எதிரே வருகிற சாரதிகள் லைட்டை வெட்டிக் காட்டுவார்கள். நம் நாட்டில் ஒருவருக்கொருவர் முகம் தெரியாமலே செய்கிற நன்மை அது. வாப்பாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பாதையில் தன்னைத் தெரியாதவர்களே இல்லை என்பது அவருடைய நம்பிக்கை. லைட் அடித்த ஒவ்வொரு வாகனத்துக்கும் ஸலாம் சொல்லிக் கையைத் தூக்கிக்கொண்டே, அடித்த அடியில் பொலிஸ்காரருக்கு முன்னால் போய் நின்றார்.

அடுத்த இரண்டும் மாத்தளைப் பாதையில். தபால் கந்தோரில் தண்டத்தைக் கட்டிவிட்டு, ஒன்றும் நடவாதது போல வீட்டுக்கு வந்து பிளேன்டீ கேட்டார். பள்ளிக்கூடத்தில் வாங்காத புள்ளியை மனுசன் இந்த வயதில் வாங்குகிறார் என்று உம்மா பக்கத்து வீட்டுக்குச் சொல்லிச் சிரித்தார். ஜனாஸாவுக்குப் போன வழியில் விழுந்த புள்ளி என்பதால் பள்ளிவாசலில் அதை யாரும் குற்றமாகவே எடுக்கவில்லை.

காருடைய காப்புறுதியைப் புதுப்பிக்கிற காலம் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. எங்களுக்குப் பல வருடமாகக் காப்புறுதி செய்து தருகிற ஏஜென்ட் பன்வில தோட்டப் பக்கத்தவர். ஒவ்வொரு வருடமும் வந்து, டீ குடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவர், அந்த வருடம் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். வாப்பா தொழுகைக்கு ஒளு எடுக்க எழுந்து போன பிறகு என்னைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ஹாஜியாருக்கு வயசும் ஆச்சு, புள்ளியும் சேந்துருச்சு. முழு இன்சூரன்ஸ் வேணும்னா இனிமே வேற ஒருத்தர்தான் வண்டிய ஓட்டணுமாம். அவர் ஓட்டி ஏதாச்சும் ஆனா கம்பெனி பொறுப்பெடுக்காதாம்."

அந்த வேறு ஒருத்தர் நான்தான். வீட்டில் லைசன் இருந்த இன்னொரு ஆள் நான் ஒருத்தி. வாப்பா காதில் விழாத மாதிரி இரண்டு நாள் நடமாடினார். பிறகு, சட்டத்துக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி போதும், அதைப் போட்டுக்கொண்டு ஓடுகிறேன் என்றார். உம்மா விடவில்லை. முழுக் காப்புறுதி இல்லாமல் கார் வாசலைத் தாண்டினால் தன் உம்மா வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னார். அவருடைய உம்மா மௌத்தாகி எத்தனையோ வருடம், அந்த வீட்டையும் விற்றாகிவிட்டது. ஆனாலும் உம்மா அந்தப் பேச்சை எடுத்தால் வாப்பா அடங்கிவிடுவார். ஆக, ஒன்று காப்புறுதிக்காரர்கள் மனம் மாற வேண்டும், அல்லது வாப்பா சாவியைத் தர வேண்டும். சாவி போனால் அந்த மனிதரிடம் என்ன மிஞ்சும் என்று எனக்குப் பயமாக இருந்தது. கடையை மூடிய பிறகு அவரைத் தேடி ஆட்கள் வந்தது அந்தக் காருக்காகத்தான்.

நடந்ததை விளக்கி எழுதிக் கொடுத்தால் கம்பெனி முகாமையாளர் யோசிப்பார் என்று ஏஜென்ட் வழி சொன்னார். வாப்பா சொல்லச் சொல்ல நானே எழுதினேன். முதல் தடவை ஏன் வேகமாகப் போனீர்கள்? ஜனாஸாவுக்கு. இரண்டாம் தடவை? ஜனாஸாவுக்கு. மூன்றாம் தடவையும் ஜனாஸாவுக்குத்தான். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். நான் வேலை செய்த அலுவலகத்தில் லீவு விண்ணப்பங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஒரே மாமியை மூன்று தடவை மௌத்தாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த விண்ணப்பங்களைப் பார்த்து நான் சிரிக்கிற சிரிப்பை, காப்புறுதி அலுவலகத்திலும் யாரோ சிரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது.

அப்படித்தான் நடந்தது. மூன்றுமே மரணச் சடங்கா என்று முகாமையாளர் கேட்டாராம். ஏஜென்ட் சொல்லத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். வாப்பா கதிரையில் உட்கார்ந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் பொய் செல்றன் என்டா அவங்க நினைக்கிறாங்க, மகள்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பொலிஸின் மேல், புள்ளியின் மேல், முகம் தெரியாத அந்த முகாமையாளரின் மேல். என் மேசையில் நான் சிரித்த சிரிப்புகளின் மேலும் கொஞ்சம். நாற்பது வருடம் தராசு பிடித்து யாரிடமும் பேச்சு வாங்காத மனிதர் அவர்.

மறுநாள் சுபஹு தொழுகைக்குப் பிறகு வாப்பா இதைப் பள்ளிவாசலில் சொல்லியிருக்கிறார். முதல் வரிசை கொதித்துப் போய்விட்டது. எங்கள் ஹாஜியாரைப் பொய்யர் என்று சொல்ல இவர்கள் யார் என்று, சாட்சி சொல்ல எல்லோரும் காப்புறுதி அலுவலகத்துக்கு நேரிலேயே புறப்பட்டுவிட்டார்கள். அதுவும் வாப்பாவின் காரில், வாப்பா ஓட்ட. நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு நேரே அங்கே போனேன். கண்டி டவுனின் நெரிசலுக்குள், வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக அவர்கள் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்தபோது யாரோ பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் போல இருந்தது.

முகாமையாளர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. நான் மனதுக்குள் திட்டித் தீர்த்திருந்த ஆள் மாதிரியே இல்லை. எழுந்து நின்று வரவேற்றார். கதிரைகள் போதாமல் வெளியிலிருந்து எடுத்துவரச் சொன்னார். எல்லோருக்கும் பிளேன்டீ வந்தது. மூன்று மௌத்துக்களையும் அதிபர் ஒவ்வொன்றாகச் சொன்னார். யார், எந்த ஊர், எந்தத் தொழுகையோடு அடக்கம் என்று பாடம் நடத்துவது போல ஒரு பிசகில்லாமல். முகாமையாளர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவருடைய முகம் இளகிவருவது எனக்குத் தெரிந்தது. அத்தோடு எல்லோரும் வாயை மூடிக்கொண்டு எழுந்திருந்தால் காரியம் நடந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆனால் துணிக்கடைக்காரருக்கு அது போதவில்லை. வாப்பாவைப் பற்றி இன்னும் நாலு நல்ல வார்த்தை சொல்ல ஆசைப்பட்டுவிட்டார்.

"எங்கட ஹாஜியார்ட காரில ஏறினா ஒரு மையத்தும் தப்பாது மேடம். மாத்தளைக்கு அரை மணித்தியாலம் கேக்காது. பஸ்ஸெல்லாம் எங்களுக்கு ஒதுங்கித்தான் நிக்கிற."

மோதினார் விடுவாரா. கடுகண்ணாவை வளைவில் எதிரே லொறி வந்துகொண்டிருக்கும்போதே வாப்பா இரண்டு வாகனங்களை முந்தியதையும், சாவு வந்துவிட்டதென்று உள்ளே இருந்தவர்கள் கலிமாச் சொன்னதையும், அப்படியும் அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்ததையும் பெருமையோடு விவரித்தார். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்தார். மழையில் ஓடிய ஓட்டம், பனிமூட்டத்தில் ஓடிய ஓட்டம் என்று கதைகள் வந்துகொண்டே இருந்தன. வாப்பா முதலில் கூச்சத்தோடு புன்னகைத்தார். பிறகு அந்தப் புன்னகை மெல்ல மெல்லக் காணாமல் போயிற்று. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பேசுகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்திருந்த ஏஜென்ட் சுவரைப் பார்த்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

எல்லோரும் ஓய்ந்த பிறகு முகாமையாளர் வாப்பாவிடம் பேசினார். குரலில் கேலி துளியும் இல்லை.

"ஐயா, நீங்கள் பொய் சொன்னதெண்டு நான் இனி ஒருக்காலும் நினைக்க மாட்டன். ஆனா இவையள் சொன்னதைக் கேட்டாப் பிறகு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

வாப்பா வாதாடவில்லை. சாரதி என்ற இடத்தில் என் பெயரைப் போடச் சொன்னார். எழுந்து, எல்லோருடைய சார்பிலும் டீக்கு நன்றி சொன்னார். என்னையும் ஏற்றிக்கொண்டு அன்று வீடு வரை அவர்தான் ஓட்டினார், பழைய காப்புறுதியில் இன்னும் சில நாள் மிச்சம் இருந்தது. நான் பார்த்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் ஒரு முச்சக்கர வண்டி எங்கள் காரை முந்திப் போனது. பின்னால் இருந்தவர்களுக்கு, தாங்கள் நன்றாகத்தானே சாட்சி சொன்னோம், பிறகு ஏன் காரியம் நடக்கவில்லை என்பது கடைசிவரை விளங்கவில்லை.

என் பெயரில் காப்புறுதி தொடங்கி அதிக நாள் போகவில்லை, கம்பளையில் ஒரு மௌத்து. வாப்பாவோடு பழைய காலத்தில் இரும்பு வியாபாரம் செய்த நண்பர். அஸரோடு அடக்கம் என்றார்கள். நான் அலுவலகத்திலிருந்து ஓடிவந்து காரை எடுத்தேன். வாப்பா இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். பின்னால் வழக்கமான ஆட்கள். அளவான வேகத்தில்தான் போனேன். கெலிஓயாவுக்கு அப்பால் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தபோது, வாப்பாவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தொழுகை முடிந்து மையத்தை மையவாடிக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். மண் போடத்தான் நேரம் கிடைத்தது.

நான் மையவாடி மதிலோரமாகக் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தேன். மண் போட்டவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எங்கள் ஆட்களும் வந்து பின் சீற்றில் நெருக்கி உட்கார்ந்தார்கள். வாப்பா கடைசியாக வந்தார். தலையைக் குனிந்தபடி, கையில் ஒட்டியிருந்த ஈர மண்ணைத் தட்டிக்கொண்டே வந்து, வழக்கம்போல சாரதிப் பக்கத்துக் கதவைத் திறந்தார். அங்கே நான் இருப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

என்னால் தாங்க முடியவில்லை. சாவியைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். காப்புறுதி எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று இருந்தது.

"ஓட்டுங்க வாப்பா. டவுன் தாண்டும் வரைக்கும் சரி. யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் காருக்குள் பார்த்தார். பின்னால் துணிக்கடைக்காரர் நெஞ்சில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மோதினார் கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார். அதிபர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். வாப்பா ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வேணா மகள். இவங்கட வீட்டிலயும் மகள்மார் வழி பாத்துக்கொண்டு ஈப்பாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.