அத்தையின் எல்.எல்.ஆர்.

அத்தை எல்.எல்.ஆர். பரீட்சைக்குப் படித்த அந்த மழைக்காலத்தில் அப்பாவும் அவளும் பேசிக்கொள்ளவில்லை. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பொன்னேரியில் எங்களோடுதான் இருந்தாள். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அப்பாவுக்கும் அந்தப் பக்கம்தான், இரும்புக் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிற வேலை. அவர் பைக்கில் போவார், அவள் ரயிலில் போவாள். அவளும் பைக் ஓட்ட ஆசைப்பட்டாள், அதுவும் கியர் வண்டி. சண்டை அதனால்தான் என்று நான் நினைத்திருந்தேன். நாலாவது படிக்கிறவளுக்கு அது போதுமான காரணமாகத்தான் பட்டது.

எங்கள் வீட்டில் ஒரே கூடம். சாயந்தரமானால் அப்பா டிவி முன்னால் உட்காருவார், அத்தை பீரோவில் சாய்ந்துகொள்வாள், நடுவில் நான். அத்தையின் போனிலிருந்து கேள்விகளை நான் சத்தமாகப் படிக்க வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும். முக்கோணத்துக்குள் இருப்பது எச்சரிக்கை, சிவப்பு வட்டத்துக்குள் இருப்பது உத்தரவு என்பது மட்டும் அவள் தலையில் ஏறவே இல்லை.

அப்பாவால் தப்பான பதிலைத் தாங்க முடியாது. லாரிகளுக்கு நடுவே பல வருஷம் வண்டி ஓட்டியவர். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒங்க அத்தைகிட்ட சொல்லு" என்று ஆரம்பிப்பார். நான் திரும்பி அத்தையிடம் சொல்வேன். அதுவரை காதே கேட்காதவள் போல இருந்துவிட்டு, அப்பாவிடம் கேட்கச் சொல்லி அவள் ஒரு சந்தேகத்தைத் திருப்பி அனுப்புவாள். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வாள்.

ஒரு நாள் பாலக் கேள்வி வந்தது. குறுகலான பாலத்தில் எதிரே ஒரு வண்டி ஏற்கெனவே நுழைந்துவிட்டது, நீங்கள் என்ன செய்வீர்கள்? ஹாரன் அடித்துக்கொண்டே போய்விடுவேன் என்றாள் அத்தை. நிற்க வேண்டும் என்று சொல்லச் சொன்னார் அப்பா. ஏன் நிற்க வேண்டும் என்று கேட்கச் சொன்னாள் அத்தை. இருவருக்கும் நடுவில் திரும்பித் திரும்பி எனக்குக் கழுத்து வலித்தது. என் கார்ட்டூன் நேரம் வேறு போய்க்கொண்டிருந்தது. போனைத் தரையில் வைத்தேன்.

"நீங்களே பேசிக்கோங்க. எனுக்கு பேஜாரா கீது."

சமையலறைக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா தோசைக் கரண்டியோடு கூடத்தையே பார்த்து நின்றதில் தோசை கருகியது. அப்புறம் அப்பாவின் குரல் கேட்டது.

"ரெண்டு பேரும் உள்ள பூந்துட்டா யாரு பின்னால போறது, பாப்பா?"

அத்தையை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ரொம்ப நாளாகக் கூப்பிடவில்லை. அத்தை நேராக அவரிடமே, "அவன் தாண்டுனதும் நான் போலாமில்ல?" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"போ. நான் இன்னா வேணாம்னா சொல்றேன்?"

பரீட்சையன்று அப்பா லீவு போட்டார். நானும் கூடப் போனேன். அத்தை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவர் கதவுக்கு வெளியே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பாஸாகி வந்தவளிடம் பாலக் கேள்வி வந்ததா என்றுதான் முதலில் கேட்டார். வரவில்லையாம். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். பிறகு ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த காலி மனையில் அவரே பின்சீட்டில் உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொடுத்தார். லைசென்ஸும் வந்தது, வண்டியும் வந்தது.

சண்டை வண்டிக்காக இல்லை என்று நான் வளர்ந்த பிறகு அம்மாதான் சொன்னாள். அத்தை தன்னோடு வேலை செய்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். அவருடையது சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அப்பா முடியவே முடியாது என்றிருந்தார், மெல்ல மெல்ல இறங்கி வந்தார், ஆனால் கல்யாணத்தில் வந்து நிற்க மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. இன்றைக்கு அந்த மாமாவும் அவரும் ஞாயிற்றுக்கிழமையானால் ஒன்றாகத்தான் கறி வாங்கப் போகிறார்கள்.

அந்தத் தை மாதத்தில் ஒரு காலை அத்தை கிளம்பினாள். அம்மா தன் கல்யாணப் பட்டுப்புடவையை மடித்து அவள் பையில் வைத்தாள். பாலிஷ் போடக் கொடுக்கத்தான் என்று நினைத்தேன். அப்பா டயரை அழுத்திப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். அவள் ஹெல்மெட்டின் பட்டியைத் தானே மாட்டிவிட்டார்.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணு, பாப்பா."

வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. ட்யூட்டிக்குப் போகிறவளை அப்படி நின்று பார்த்துக்கொண்டிருக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்த சாயந்தரம் வந்துரும்பா. வா, உள்ள போலாம்."

அவர் என்னோடு உள்ளே வந்தார்.