சுண்ணாம்புக்குள் தாத்தா

பினாங்கில் சீனர்கள் கல்லறைக்குக் கிளம்புவதைப் பார்த்தால் ஏதோ கல்யாணத்துக்குப் போகிறார்கள் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். ஏப்ரலில் 'செங் பெங்' என்று ஒரு நாள் வருகிறது. முழுப் பன்றியைச் சுட்டு, ஆரஞ்சுப் பழமும் தேநீர்க் கெண்டியும் சாராயமுமாக ரிக்‌ஷாக்களில் ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போகிறார்கள். புல்லைச் செதுக்கி, பாட்டனாருக்குப் படைத்துவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி மருந்தறையில் பாட்டில் கழுவும் ஆ லியன் மறுநாள் எனக்கும் ஒரு துண்டு கறி கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு, "உன் தாத்தாவுக்குக் குபூர் டி மானா?" என்று கேட்டாள். மலாய்மொழியில் குபூர் என்றால் கல்லறை; அது எங்கே இருக்கிறது என்கிறாள். "தக் தாவ்" என்றேன். தெரியாது என்று அர்த்தம். தாத்தாவின் கல்லறை இருக்குமிடம் தெரியாத ஒருத்தி உலகத்தில் இருக்க முடியும் என்பது அவளுக்கு ஏறவில்லை. ஆகவே அவர் கடலில் போய்விட்டார் என்று அவளே முடிவு செய்தாள். சாயங்காலத்துக்குள் சமையற்கட்டிலிருந்து ஓர் ஆள் வந்து என்னிடம் துக்கம் விசாரித்தார். அடுத்த நாள் அவள் ஒரு காகிதப் படகைத் தந்து, கடற்கரையில் கொளுத்தச் சொன்னாள். ஆம்பூர்த் தோல் மண்டியில் உழைத்து, பாலாற்றில் முழங்கால் தண்ணீருக்கு மேல் பார்த்திராத மனிதர் இப்படியாக மாலுமி ஆனார்.

அப்பாவுக்குச் சிரிப்பு வரும் என்று இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. செருப்புக் கடையில் வேலை பார்க்கும் அவருக்கு மூச்சிரைப்பு முற்றிவிட்டது. இனிக் கப்பல் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நான் இங்கதான் மண்ணாவப் போறேன் பாப்பா. அவராவது அங்க பேரோட இருக்காரான்னு பார்த்துட்டு வா. தோண்டிட்டாங்கன்னா அதையும் மறைக்காம சொல்லு" என்றார். அவருக்கு எட்டு வயதில் தகப்பன் இறந்து, தாயாருக்கும் கணவன் வீட்டாருக்கும் சண்டை வந்து, பிள்ளையோடு பிறந்த ஊரான விரிஞ்சிபுரத்துக்கு வந்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு யாரும் ஆம்பூர்ப் பக்கம் திரும்பவில்லை. நானும் விரிஞ்சிபுரத்தில் பிறந்து, வேலூரில் கம்பவுண்டர் பயிற்சி முடித்து, இங்கே வந்தவள். ஆம்பூர் எனக்கு ரயில் நிற்கும் ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான்.

மருந்து கலப்பவளுக்கு எதையும் எழுதி வைத்துக்கொள்ளாமல் தொடங்க வராது. தெரிந்தவை என்று ஒரு பக்கமும், தெரிய வேண்டியவை என்று ஒரு பக்கமும் கோடு போட்டேன். தெரிந்த பக்கத்தில் தாத்தாவின் பெயர் ஞானப்பிரகாசம். கல்லறைத் தோட்டத்தின் மேற்குச் சுவரோரம். தோல் மண்டி முதலாளி பாய் கொடுத்த கருங்கல்லில் ஆசாரி பெயர் வெட்டியது. மற்றப் பக்கம் நிரம்பி வழிந்தது. அக்டோபரில் லீவு போட்டுக் கப்பல் ஏறினேன். ரப்பர் விலை விழுந்து எஸ்டேட் ஆட்களை மூட்டை முடிச்சோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த சமயம். எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறாய், உனக்கும் வேலை போய்விட்டதா என்று பக்கத்துப் பெண் ஒருத்தி கேட்டாள். தாத்தாவைத் தேடிப் போகிறேன் என்றேன். எத்தனை வயது என்றாள். செத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றதும் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு அந்தப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஆம்பூர் மாதா கோயிலில் பழைய வெள்ளைக்காரச் சாமியார்கள் எழுதிவைத்த மரணப் பதிவேடு லத்தீனில் இருந்தது. இப்போதைய சாமியார் தமிழர். விரலால் தடவிக்கொண்டே போய், "இதோ இருக்காரு. ஞானப்பிரகாசம், கோரியாரியுஸ்" என்று படித்தார். தோல் பதனிடுகிறவன் என்று அதற்கு அர்த்தமாம். "ரோமாபுரியில பெரிய உத்தியோகத்துல இருந்த மாதிரி எழுதியிருக்காங்க பாரும்மா" என்று சிரித்தார். எங்கே புதைத்தார்கள் என்று ஏட்டில் இல்லை. சாமியாருக்கு அடுத்தபடி கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் என்னைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். உயிரோடு இருந்தபோது தெரு பிரித்து வாழ்ந்தவர்களை அங்கேயும் தெரு பிரித்துத்தான் படுக்கவைத்திருந்தார்கள். மேற்குச் சுவரோரம் எங்கள் தெரு. இடநெருக்கடி ஜாஸ்தி என்றும், நவம்பர் பிறந்ததும் வரும் கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வராத குழியைக் கேட்பாரற்றதாகக் கணக்கில் வைத்துப் புதுப் பிணத்துக்குக் கொடுத்துவிடுவது இங்கே வழக்கம் என்றும் அவர் சொன்னார்.

சுண்ணாம்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பினாங்கில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். மண்டியில் தோலை ஊறப்போடும் அதே சுண்ணாம்பைச் சட்டியில் கொண்டுவந்து, போன வருஷத்துப் பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடிப்பார்கள். வருஷா வருஷம் கல் பருத்துக்கொண்டே போகும், எழுத்து முழுகிக்கொண்டே போகும். மேற்குச் சுவரோரம் எல்லாக் கல்லும் இட்டிலி மாதிரி உப்பி, ஒரே சாயலில் நின்றன. தட்டிப் பார்த்ததில் ஒன்று மட்டும் கருங்கல் சத்தம் கொடுத்தது. வேலூரிலிருந்து நீர்த்த ஆசிட் வாங்கிவந்திருந்தேன். மேல் பொருக்கைக் கத்தியால் பெயர்த்துவிட்டு, துணியில் நனைத்து ஒற்றினேன். நுரை பொங்கியது. நுரைக்கடியில் 'ஞா' தெரிந்தபோது, ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்திராத விதமாக நான் கைதட்டிவிட்டேன்.

"யாரும்மா நீ? எங்க அப்பன் தலையில இன்னாத்த ஊத்தற?"

சுண்ணாம்புச் சட்டியும் மட்டையுமாக நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றாள். பெயர் ஆரோக்கியம், மண்டியில் வேலை. இவர் என் தாத்தா என்று சொல்லி, சுவர், பாய் கொடுத்த கல், பதிவேடு என்று ஆதாரங்களை வரிசையாக அடுக்கினேன். அவள் குந்தி உட்கார்ந்து நுரை அடங்கும்வரை பார்த்தாள்.

"இன்னா பேரு வருது?"

"ஞானப்பிரகாசம். உங்க அப்பா பேரு என்னக்கா?"

"சின்னப்பன்." குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. "இது எங்க அப்பன் இல்லன்னு எனக்குத் தெரியும் பாப்பா. எங்க அம்மா சாவும்போது சொல்லிட்டுப் போச்சு. எங்களுது வெறும் மண்ணு. ஒரு வருஷம் அம்மாவுக்கு ஜுரம், சுண்ணாம்பு அடிக்க வரல. அடுத்த வருஷம் வந்தா அங்க வேற ஆளு படுத்துக்கினு இருக்கான். மெழுகுவத்தியக் கையில வெச்சிக்கினு எங்க போவும்? உங்க தாத்தா சும்மாதானே கெடந்தாரு."

"அதுக்காக அடுத்தவங்க கல்லறையை எடுத்துக்கறதா?"

"எடுத்துக்கலன்னா இவரையும் தோண்டியிருப்பாங்க. நாங்க அடிச்ச சுண்ணாம்புலதான் உங்க தாத்தா இன்னும் இருக்காரு. நீ இன்னாடான்னா கப்பல் ஏறி வந்து ஆசிட் ஊத்தற."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் பாட்டியம்மாள் முறைத்துக்கொண்டு போன பிறகு தாத்தா சும்மா இருக்காமல் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துவிட்டார் என்று தோன்றி, சிரிப்புதான் வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"சரி, உன்னுதுன்னா எடுத்துக்கோ. அடுத்த வருஷம் யாரு அடிப்பா? பினாங்குலேர்ந்து நீ வர்றியா?"

என் காகிதத்தில் அதற்கு இடமே விடவில்லை. உபதேசியாரிடம் போய் உரிமை கேட்டால் கல் எனக்கு வரும். நான் கப்பல் ஏறினதும் சுண்ணாம்பு நின்று, சில வருஷத்தில் குழியும் போகும். கேட்காமல் விட்டால் தாத்தா பத்திரமாக இருப்பார், பெயரில்லாமல். அப்பா கேட்டதோ பெயரை. வெயில் ஏறும்வரை அந்தக் கல்லின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து நாங்கள் பேரம் பேசினோம்.

"பேரு மேல படாம அடிப்பீங்களாக்கா?"

"அடிக்கறேன். அப்ப எங்க அப்பன் பேரு?"

"கீழ வெட்டிடலாம்."

"கீழயா?" யோசித்தாள். "சரி போ, உங்க ஆளு முன்னாடியே போனவரு."

ஒரே குடும்பமாக இருந்தால்தான் ஒரு கல்லில் இரண்டு பெயர் போடலாம் என்றார் உபதேசியார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆரோக்கியம் முந்திக்கொண்டாள். "பங்காளிங்கதாங்க ஐயா. இவ்ளோ நாளு பேச்சு வார்த்த இல்ல." ஆம்பூரில் பங்காளிகள் பேசாமல் இருந்தார்கள் என்பதை நம்ப யாருக்கும் சாட்சி வேண்டியதில்லை, அவர் தலையாட்டிவிட்டார். இன்னும் ஐம்பது வருஷம் கழித்து என் மாதிரி ஒருத்தி காகிதமும் கோடுமாக வந்து, ஞானப்பிரகாசமும் சின்னப்பனும் அண்ணன் தம்பிகள் என்று வம்சம் எழுதுவாள். எழுதட்டும். திருநாளன்று சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தபோது, தலைமாட்டில் என் மெழுகுவத்தியும் கால்மாட்டில் அவள் மெழுகுவத்தியும் எரிந்தன. காற்றில் என்னுடையது அணைந்தது. "ஊருக்குப் புதுசு இல்லியா, அதான்" என்று அவள் தன்னுடையதிலிருந்து ஏற்றிக் கொடுத்தாள்.

கல்லின் மேல் காகிதத்தை வைத்து அடுப்புக்கரியால் தேய்த்து, எழுத்துப் படியும்படி ஒரு பிரதி எடுத்துவந்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் மேல் பெயரை வெகுநேரம் தடவிவிட்டு, "இது யாரு?" என்று கீழே காட்டினார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அந்தப் பொண்ணு மழையானாலும் வருமா?" என்று மட்டும் கேட்டார். வரும் என்றேன்.

இந்த வருஷத்துக் கல்லறைத் திருநாளுக்கு அப்பா கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி, வாளியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டார். இந்த ஊரில் நமக்கு யாரும் இல்லையே என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். பினாங்குக் கல்லறைத் தோட்டத்தின் கோடியில், பாசி பிடித்துச் சாய்ந்திருந்த ஒரு கல்லின் முன் மூச்சு வாங்க உட்கார்ந்தார். எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் மெதுவாக அடித்தார். பெயரைக் கூட்டிப் படிக்கப் பார்த்தேன். போர்த்துகீசியமோ என்னவோ, என் இங்கிலீஷுக்குப் பிடிபடவில்லை. அப்பா மெழுகுவத்தியை ஏற்றி நட்டுவிட்டு, கையைக் குவித்துக்கொண்டு, ஞானப்பிரகாசம் என்றார். கொஞ்சம் பொறுத்து, சின்னப்பன் என்றும் சொன்னார்.